வார்டு முன்னுரிமைப் பட்டியல்: வாடகை வீடா, கழிவுக் குழாயா, சமூகக் கூடமா? எதை முன்னால் வைப்பது?

வார்டுக்குழு_டர்பன் கேட்டது:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மாநகராட்சியின் அடுத்த ஐடிபி (ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம்) சுற்றுக்கு எங்கள் வார்டின் பட்டியலைத் தயாரிக்கிறோம். கூட்டத்தில் வந்த கோரிக்கைகள் இவை: காலி நிலத்தில் மலிவு வாடகை வீடுகள், 1960களில் கட்டிய மூன்று மாடி ஃபிளாட்டுகளுக்குக் கழிவுக் குழாய் மாற்றம், குடிசைப் பகுதிக்குத் தண்ணீர், முதியோர் பகல்நேர மையம், சமூகக் கூடம். பழைய பட்டியலைப் பார்த்தால் முப்பது வரி, எல்லாம் "வீடு வேண்டும், விளக்கு வேண்டும்" என்ற அளவில்தான் இருக்கிறது. எப்படி வரிசைப்படுத்துவது? எந்த மாதத்தில் கொடுப்பது?

கணக்கர்_பீனிக்ஸ்:
வரிசை போடுவதற்கு முன் ஒவ்வொரு கோரிக்கையும் யாருடைய பையிலிருந்து வரும் பணம் என்று பிரியுங்கள். பட்டியல்கள் பெரும்பாலும் இங்கேதான் சாகின்றன.

முழு மானிய வீட்டின் கட்டடச் செலவு மாகாணத்துக்கு வரும் மனிதக் குடியிருப்பு மானியத்தைச் சேர்ந்தது. குடும்ப வருமானம் மாதம் 3,500 ராண்டுக்குள் இருந்தால்தான் அந்த வீடு. நீங்கள் கேட்கும் வாடகை வீடு சமூக வீட்டுவசதித் திட்டம். அதில் வருமானம் 1,850 முதல் 22,000 ராண்டு வரை இருக்கலாம், ஆனால் அது வாடகை மட்டும், பிறகு சொந்தமாகாது. இதைக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் சண்டை வரும். நிலம் மறுசீரமைப்பு மண்டலத்துக்குள், அதாவது இந்த வாடகை வீடுகளுக்கென்று அரசு அறிவித்த பகுதிக்குள், இல்லாவிட்டால் அந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. முதலில் வரைபடத்தைப் பாருங்கள்.

முதியோர் மையத்தை நடத்தும் மாதப் பணம் மாகாணச் சமூக வளர்ச்சித் துறையுடையது. பதிவு பெற்ற தொண்டு அமைப்பு ஒன்று விண்ணப்பிக்க வேண்டும். மாநகராட்சியிடம் இடத்தை மட்டும் கேளுங்கள். குடிசைப் பகுதித் தண்ணீர், மழைநீர் வடிகால், விளையாட்டு இடம் எல்லாம் நேராக மாநகராட்சியின் வேலை.

இன்னொன்று: மாகாணத்தின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும், மாநகராட்சியினுடையது ஜூலையில். இரண்டு பைகளும் சேர வேண்டிய திட்டத்தில் ஒரு பக்கம் தயாராக இருக்கும்போது மறு பக்கம் கணக்கை மூடிக்கொண்டிருக்கும்.

திட்டம்_அக்கா:
மாதக் கணக்கு நான் சொல்கிறேன். பட்ஜெட், ஐடிபி கால அட்டவணையை மேயர் ஆகஸ்டு கடைசிக்குள் மன்றத்தில் வைக்க வேண்டும். வரைவு பட்ஜெட் மார்ச் முடிவதற்குள் வரும். மே கடைசியில் மன்றம் ஒப்புதலுக்கு எடுத்துக்கொள்ளும். ஏப்ரலில் நடக்கும் பொதுக் கருத்துக் கூட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். அதற்குள் மூலதனப் பணத்தில் (புதிதாகக் கட்டவும் முழுதாக மாற்றவும் ஒதுக்கும் பணம்) பெரும்பகுதி மற்ற திட்டங்களுக்குப் போயிருக்கும். செப்டம்பர் முதல் நவம்பருக்குள் துறை அதிகாரிகளின் கையில் கோரிக்கை இருக்க வேண்டும். ஏப்ரலில் அதே கோரிக்கையை எழுத்தில் மறுபடியும் கொடுங்கள். நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் 23ஆம் பிரிவின்படி வந்த கருத்துகளை மன்றம் பரிசீலித்தாக வேண்டும். வாயால் சொன்னதற்குப் பதிவு இருக்காது.

வரைவு வந்ததும் நூறு பக்கத்தையும் படிக்க வேண்டாம். எஸ்ஏ36 அட்டவணையை எடுங்கள். ஒவ்வொரு மூலதனத் திட்டமும் வார்டு எண்ணோடு அதில் இருக்கும். உங்கள் வரி அதில் இல்லையென்றால் பணம் இல்லை, ஐடிபி புத்தகத்தில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் சரி.

வாடகை வீட்டுக்கு முதல் ஆண்டிலேயே கட்டுமானப் பணம் கேட்காதீர்கள். நில உரிமை, மண் பரிசோதனை, சுற்றுச்சூழல் அனுமதி, பெருங்குழாய்க் கொள்ளளவு இவை முடியாமல் ஒதுக்கிய பணம் செலவாகாது. ஜனவரி அரையாண்டு மதிப்பீட்டுக்குப் பின் திருத்த பட்ஜெட்டில் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். முதல் ஆண்டுக்கு ஆய்வுப் பணத்தை மட்டும் கேளுங்கள்.

பராமரிப்பு_58:
ஃபிளாட்டைப் பற்றி. முதலில் உரிமை யாரிடம் என்று பாருங்கள். வீடுகள் தனித்தனிப் பட்டாவாக மாறியிருந்தால் பொதுக் குழாய் உரிமையாளர் கூட்டமைப்பின் பொறுப்பு, அங்கே மாநகராட்சிப் பணம் இறங்காது. ஒரே வரிசையில் சில கட்டடங்கள் மாறியும் சில மாறாமலும் இருக்கும். கட்டடம் கட்டடமாகப் பட்டியலிடுங்கள்.

வாடகைக் கட்டடமாகவே இருந்தால் "பழுது" என்று எழுதாதீர்கள். இணைப்பில் பூச்சு வைப்பது பராமரிப்பு, நடப்புச் செலவில் சேரும், முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். தரையிலிருந்து கூரைக் காற்றுக்குழாய் வரை முழு வரிசையையும் மாற்றுவது புதுப்பித்தல், மூலதனத்தில் ஏறும். பொறியியல் காரணமும் அதற்கு உண்டு. பழைய வார்ப்பிரும்புக் குழாயில் மேல்மாடி இணைப்பை மட்டும் அடைத்தால் நீர் அடுத்த பலவீனமான இணைப்பைத் தேடும். சில மாதத்தில் கீழ்மாடிக் குளியலறைச் சுவரின் பின்பக்கம் பூச்சு உப்பி, விரலால் அழுத்தினால் மாவாக உதிரும். படம் எடுக்கும்போது அந்தச் சுவரையும், அதே நேர்கோட்டில் மேல்மாடி இணைப்பையும் சேர்த்து எடுங்கள். ஒரு குழாயில் எத்தனை வீடுகள் தொங்குகின்றன என்ற எண்ணிக்கையும் வேண்டும்.

வார்டுக்குழு_டர்பன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. சமூகக் கூடத்துக்குத்தான் கூட்டத்தில் கைகள் அதிகம் உயர்ந்தன. அதைப் பின்னால் தள்ளினால் கோபப்படுவார்கள்.

கணக்கர்_பீனிக்ஸ்:
கட்டும் செலவைப் போடுகிறோம், நடத்தும் செலவை யாரும் போடுவதில்லை. 24 மணி நேரக் காவல் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்கு 42 மணி என்றால் ஒரு இடத்துக்கே நான்கு பேர். மின்சாரம், துப்புரவு, கூரைப் பராமரிப்பு இதற்கு மேல். கட்டிய சொத்தின் மதிப்பில் 8 சதவீதம் ஆண்டுதோறும் பராமரிப்புக்கு வேண்டும் என்பது தேசியக் கருவூலத்தின் அளவுகோல். 60 லட்சம் ராண்டில் கூடம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 4,80,000. அது இல்லாத கூடத்தின் கம்பிகள்தான் முதலில் திருடு போகும். அக்கா சொன்ன நிதி மேலாண்மைச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் மூலதனத் திட்டத்தை ஏற்பதற்கு முன் நடப்புச் செலவைப் பார்க்கச் சொல்கிறது. இருக்கும் பள்ளி மண்டபத்தை மாலையில் திறக்க ஒப்பந்தம் போட முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

திட்டம்_அக்கா:
கை உயர்த்துவதை மட்டும் வைத்து வரிசை போடுவது எனக்கு உடன்பாடில்லை. வேலைநாள் மாலை ஆறு மணிக் கூட்டத்துக்குக் குடிசைப் பகுதியிலிருந்து எத்தனை பேர் வர முடியும்? அரசியலமைப்பின் 153ஆம் பிரிவு அடிப்படைத் தேவைக்கு முன்னுரிமை என்கிறது. அதனால் தண்ணீரும் கழிவும் முதல் இரண்டு இடத்தில் வரட்டும். ஓட்டு மீதிக்கு இருக்கட்டும்.

தண்ணீருக்கு ஆதாரம் எளிது. 2001ஆம் ஆண்டின் தேசியத் தண்ணீர் விதிகளின்படி குழாய் வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 10 லிட்டராவது வர வேண்டும். 20 லிட்டர் வாளியும் கைபேசிக் கடிகாரமும் போதும். காலை ஆறு மணிக்குப் பிடியுங்கள், அப்போதுதான் அழுத்தம் குறைவாக இருக்கும். இரண்டு நிமிடத்தில் வாளி நிறையவில்லை என்றால் அந்த நேரத்தையும், குழாய் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்ணையும், அதை நம்பியிருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையையும் ஒரே வரியில் எழுதுங்கள். பட்டியலின் முதல் வரி அதுவே.