எங்கள் வீவக படுக்கையறையும் யவனர் விளக்கும்

சிங்கப்பூரின் பொங்கோலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய நாலறை வீட்டுக்குச் சாவி கிடைத்தபோது என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: படுக்கையறை ரோமானிய வீடு மாதிரி இருக்க வேண்டும். இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயிக்குப் போய் வந்ததிலிருந்து அவருக்கு அந்த ஆசை. இதே ஆசையோடு இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கான்ட்ராக்டர் போட்டுக் கொடுத்த படத்தில் கட்டிலுக்கு இரு பக்கமும் வெள்ளைத் தூண், உச்சியில் இலை இலையாகக் கொரிந்திய வேலைப்பாடு (பழைய கிரேக்கத் தூண் பாணிகளில் ஒன்று). அழகாகத்தான் இருந்தது. டேப் எடுத்து அளந்து பார்த்தேன். கொரிந்தியத் தூணின் உயரம் அதன் அடிவிட்டத்தைப் போல ஏறக்குறைய 10 மடங்கு இருந்தால்தான் கண்ணுக்குச் சரியாகப் படும். எங்கள் சீலிங் 2.6 மீட்டர், தலைமாட்டில் பீம் இறங்குவதால் 2.2 மீட்டர்தான் மிஞ்சுகிறது. அப்படியானால் தூண் 22 சென்டிமீட்டர் தடிமன், பீடம் அதைவிட அகலம். இரண்டையும் நிறுத்திவிட்டு அலமாரியும் வைத்தால் நடக்க வழியிருக்காது.

அந்த வாரக் கடைசியில் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனோம். அதன் ஒரு பகுதியாக இருக்கும், 1939இல் கட்டி முடித்த பழைய உச்ச நீதிமன்றத்தின் தூண்களின் அடியில் நின்றபோது எனக்கு விஷயம் புரிந்தது. வருகிறவரை அண்ணாந்து பார்க்க வைக்கவே அவற்றைச் செய்திருக்கிறார்கள். தூங்குகிற இடத்துக்கு அது எதற்கு?

அப்புறம்தான் ரோமானியர்களின் படுக்கையறையைப் பற்றித் தேடிப் படித்தேன். குபிகுலம் என்பார்கள். பணக்கார வீட்டில்கூட பெரும்பாலும் சின்ன அறை, சாமான் குறைவு. செல்வமெல்லாம் சுவரில் இருந்தது. பொம்பெயிக்குப் பக்கத்தில் பொஸ்கோரியாலே என்ற ஊரில் கிடைத்த படுக்கையறை ஒன்றை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரும்பொருளகத்தில் அப்படியே வைத்திருக்கிறார்கள். அதன் சுவரில் தூண்கள் உண்டு, எல்லாம் வரைந்தவை! கி.மு. முதல் நூற்றாண்டிலேயே இடத்தை அடைக்காமல் தூண் வைக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் காலச் சுவர்களைப் பல இடங்களில் மூன்று பட்டையாகப் பிரித்திருப்பார்கள். நாங்களும் ஒரு சுவரில் அப்படியே செய்தோம். கீழே 70 சென்டிமீட்டருக்குக் கரும்பழுப்பு, நடுவில் செங்காவி, மேலே சந்தன நிறம். நடுப்பட்டையில் மட்டும் என் நாத்தனார் மெல்லிய தூண்களையும் ஒரு கொடியையும் வரைந்து கொடுத்தார். மற்ற மூன்று சுவரும் வெறும் சந்தன நிறம்தான். நாலு சுவரும் சிவப்பாக இருந்தால் இந்த அளவு அறையில் மூச்சு முட்டும்.

அம்மா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரைப் பார்த்ததும், "இது நெடுநல்வாடையில் இருக்கிறதே, தெரியாதா உனக்கு?" என்றார். பாண்டிமாதேவியின் படுக்கையறை. வெள்ளி போல விளங்கும் சுதை, செம்பால் செய்தது போன்ற சுவர், அதில் பல பூக்களோடு ஒரே கொடி. அங்கே எரியும் விளக்கு, "யவனர் இயற்றிய வினைமாண் பாவை கையேந்து ஐயகல்", அதாவது யவனர் செய்த பாவை கையில் ஏந்தியிருக்கும் அழகான அகல். கிரேக்க, ரோமானியர்களைத்தான் நம்மவர்கள் யவனர் என்றார்கள். பள்ளியில் படித்த வரிதான், ஆனால் அது ஒரு படுக்கையறை என்பது அன்றுதான் மனத்தில் தைத்தது.

சிராங்கூன் ரோட்டில் ஒரு பாத்திரக் கடையில் ஒன்றரை அடி உயரத்தில் பித்தளைப் பாவை விளக்கு வாங்கினோம். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அகலில் நெய்க்குப் பதில் 2700 கெல்வின் சின்ன எல்இடி. செங்காவிச் சுவரில் அந்த மஞ்சள் ஒளி விழுவதை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

ஒரு இடத்தில் அடி வாங்கினோம். சீலிங் ஓரத்துக்கு ஜிப்சத்தில் கார்னிஸ் (அலங்கார விளிம்பு) போட்டோம். ஏர்கான் பக்கம் மூன்றே மாதத்தில் பூஞ்சை பிடித்தது. கழற்றிவிட்டு பாலியூரித்தேன் கார்னிஸ் மாட்டினோம். எடை குறைவு, ஈரத்தைக் குடிக்காது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு முதலிலேயே அதைப் போட்டிருக்கலாம்.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன், நான் ஈசூனில் இருக்கிறேன். எனக்குக் கிரேக்கம் என்றால் வெள்ளைதான் என்ற நினைப்பு. சுவர், திரை, மெத்தை விரிப்பு எல்லாம் வெள்ளை. ஒரு வாரத்தில் கிளினிக்கில் படுத்திருப்பது போல ஆகிவிட்டது. கிரேக்கச் சிலைகளுக்கே முதலில் வண்ணம் பூசியிருந்தார்கள், காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. தலைமாட்டுச் சுவரில் ஆழ்ந்த நீலத்தில் மடிப்பு மடிப்பாகப் போகும் கிரேக்கக் கோலப் பட்டை ஒன்று வரைந்தேன். அறை உயிர் பெற்றது.

தரையில் மொசைக் போட நினைப்பவர்கள் கவனிக்கவும்: வீவக வீட்டில் பூச்சும் ஓடும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பழைய ஓட்டின் மேலேயே போட நினைத்தேன், கணக்கு இடித்தது.

*

நான் இன்னொரு வாசகர். ஜூரோங்கில் வாடகை அறையில் இருக்கிறேன், சுவரில் ஓர் ஆணி அடிக்க முடியாது. ஜன்னல் காரிடார் பக்கம், எப்போதும் மூடித்தான் வைப்பேன். ரோம் அருகே பிரிமா போர்ட்டாவில், பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் மாளிகையில் பாதி நிலத்தடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறை இருந்தது. நாலு சுவரிலும் தோட்டம் வரைந்திருந்தார்கள். அதன் ஒரு பகுதியைத் துணியில் அச்சடித்து, அலமாரியின் மேல்விளிம்பிலிருந்து கட்டில் பக்கமாகத் தொங்கவிட்டேன். மாதுளை, பறவைகள், ஓர் அரளிச் செடி. மன்னார்குடியில் எங்கள் கொல்லைப்புறத்திலும் அரளி உண்டு. காலையில் கண் விழித்தால் முதலில் அதுதான் தெரிகிறது.