ராக்கெட்டின் அடிப்பகுதியான பூஸ்டர் திரும்பி வந்ததை நேரில் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரையோரன்:
சிஆர்எஸ்-16. 2018 டிசம்பர் 5. விவரம் தெரிந்தவர்களுக்கு இதுவே போதும். தெரியாதவர்களுக்கு: விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோன ஸ்பேஸ்எக்ஸ் பயணம். நான் ஃபுளோரிடாவில் கேப் கனாவரல் பக்கம் ஜெட்டி பார்க் கடற்கரையில் நின்றிருந்தேன். பட்டப்பகல், மதியம் ஒன்றேகால் மணி. ஃபால்கன் 9 ராக்கெட் ஏறியதெல்லாம் வழக்கம்போலத்தான், அதை விடுங்கள்.

இறங்கும்போதுதான் விவகாரம். பைனாகுலரில் பூஸ்டர் சிக்கியதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. அசையாமல் வரவேண்டிய உடம்பு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வந்தது. திசை திருப்பும் கம்பிவலைத் துடுப்புகள், அதாவது கிரிட் ஃபின்கள், மாறி மாறி வெயிலில் பளிச்சிட்டன. கடைசியில் எஞ்சின் பற்றியதும் சுற்று மட்டுப்பட்டது, கால்கள் விரிந்தன, நிமிர்ந்து நின்றது, அப்படியே தண்ணீரில் இறங்கியது. தரையில் இல்லை, கடலில்! என்னைச் சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. ஒருவர் தோளில் இருந்த பிள்ளையிடம் "இறங்கியாச்சு, பார்த்தியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடலில் போனது தெரிந்து தட்டினார்களா, தெரியாமல் தட்டினார்களா? இன்றுவரை மண்டையைக் குடைகிறது.

கிரிட் ஃபினுக்கான ஹைட்ராலிக் பம்ப் நின்றுவிட்டது, மாற்று பம்ப் கிடையாது என்று மஸ்க் அன்றைக்கே சொல்லிவிட்டார். மேலே போன டிராகன் சரக்குக் கலத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

வால்வு மாமா:
கரையோரன், தெரிந்து தட்டினார்களோ தெரியாமல் தட்டினார்களோ, தட்ட வேண்டிய விஷயத்துக்குத்தான் தட்டியிருக்கிறார்கள். கரைக்குத் திரும்பும் பூஸ்டர் முதலில் குறிவைப்பதே கடலைத்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தால் மட்டும் கடைசி நேரத்தில் தளத்தின் பக்கம் திரும்பும். அன்று ஒழுங்காக இல்லை, அதனால் திரும்பவில்லை. ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் வராமல் தானாக ஒதுங்கிக்கொண்டது. இதைத் தோல்வி என்று எழுதியவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அப்புறம் அதைத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள், கிட்டத்தட்ட முழுசாகவே.

என் கதை சின்னது. 2018 பிப்ரவரி 6, மூன்று பூஸ்டர் சேர்த்துக் கட்டிய ஃபால்கன் ஹெவியின் முதல் பயணம். டைட்டஸ்வில் பாலத்தருகே நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். இரண்டு பக்க பூஸ்டர்களும் ஒன்றாக நெருப்பு மூட்டி, ஒன்றாக இறங்கின. ஒரு சத்தமும் இல்லை. ஊமைப் படம் போல. எல்லாம் முடிந்துவிட்டது என்று ஜனங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் டமார் டமார் என்று வந்து சேர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் சட்டென்று குனிந்து தலையைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அவரே சிரித்துவிட்டார். நடு பூஸ்டர் மட்டும் தப்பவில்லை. எஞ்சின்களைப் பற்றவைக்கும் திரவம் போதாமல், அது இறங்கவேண்டிய கப்பலுக்கு 100 மீட்டர் தள்ளி, மணிக்கு ஏறக்குறைய 480 கிலோமீட்டர் வேகத்தில் கடலில் மோதியது.

எண்ணிப்பார்:
மாமா, டமார் எத்தனை? ஒலியைவிட வேகமாக வருவதால் ஒரு பூஸ்டருக்கு மூன்று. எஞ்சின் பக்கம் ஒன்று, மடக்கிய கால்கள் இருக்கும் இடத்தில் ஒன்று, மேலே கிரிட் ஃபினில் ஒன்று. இரண்டு பூஸ்டர் என்றால் ஆறு. அன்று நானும் இருந்தேன், துறைமுகப் பக்கம். ஆறும் கேட்டது. நான்குதான் என்று எழுதுகிறவர்கள் காதைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

வால்வு மாமா:
நான் எண்ணிக்கையே சொல்லவில்லையே, ஐயா.

ராஜி, ஒர்லாண்டோ:
சண்டைக்கு நடுவில் என் அம்மா கதை. சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போன ஆக்சியம்-4 பயணம். மே கடைசியில் போகும் என்றார்கள், ஜூன் என்றார்கள், ராக்கெட்டில் ஆக்சிஜன் கசிவு என்றார்கள், அது சரியானதும் விண்வெளி நிலையத்தில் ஒரு பகுதியில் கசிவு என்றார்கள். திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் நடக்குமா என்றே தெரியவில்லை. ராகேஷ் சர்மாவை 1984இல் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தவர், இதைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

கடைசியில் 2025 ஜூன் 25, அதிகாலை 2:31. ஏறும்போது முழித்திருந்தார், கும்பிட்டார், கண்ணில் தண்ணீர். வெளிச்சம் மறைந்ததும் காருக்குள் போய் உட்கார்ந்தவர் அப்படியே அசந்துவிட்டார். பூஸ்டர் இறங்கி அந்த வெடிச்சத்தம் வந்து காரை ஆட்டியதும் தூக்கிவாரிப் போட்டு எழுந்து சொன்னார்: "ஏய் ராஜி, இடி இடிக்குது, மொட்டை மாடில துணி காயுது, ஓடு!"

பக்கத்துக் காரில் இருந்த தெலுங்குக் குடும்பத்துக்குப் புரிந்துவிட்டது போல, அவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா இன்றுவரை தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். வீடியோவில் குரல் இருக்கிறது.

துறைமுகத்தான்:
ராஜி அம்மாவுக்கு என் வணக்கம். என்னுடையது இறங்கும் கதை இல்லை, இறங்கியபின் கதை. பி1058. 2020 மே 30 அன்று விண்வெளி வீரர்கள் பாப் பெங்கனையும் டக் ஹர்லியையும் சுமந்துகொண்டு போன அதே பூஸ்டர். 2023 டிசம்பரில் பத்தொன்பதாவது தடவை போய்வந்து கப்பலில் நல்லபடியாக நின்றது. திரும்பும் வழியில் காற்றும் அலையும் அதைச் சாய்த்துவிட்டன. போர்ட் கனாவரலுக்குள் வந்தபோது அடிப்பாகம் மட்டும்தான் கப்பல் தளத்தில் கிடந்தது. எஞ்சின்கள், கால்கள், கிழிந்த தகடு. என் பக்கத்தில் நின்ற மீன்பிடிக்கிற ஆள் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். எனக்கு அது கொஞ்சம் அதிகம் என்று பட்டது, ஆனாலும் நானும் கழற்றினேன். அதைவிடப் புதிய பூஸ்டர்களில் தானே சமன்செய்துகொள்ளும் கால்கள் உண்டு.

இங்கே புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயம், கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். முதலில் பூஸ்டர் எங்கே இறங்கப் போகிறது என்று பாருங்கள். ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் என்றால் பெரும்பாலும் நடுக்கடலில் கப்பல்மேல், கரையிலிருந்து இறங்குவது தெரியாது. பாதி பேர் இது தெரியாமல் எட்டு நிமிடம் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகிறார்கள். கப்பல் சில நாள் முன்னதாகவே துறைமுகத்தை விட்டுக் கிளம்பும், கப்பல் நடமாட்டம் காட்டும் செயலியில் அதன் இழுவைப் படகைத் தேடினால் தெரிந்துவிடும். கப்பல் போகவில்லை, பயணமும் இலகுவான சரக்கு என்றால் கரைக்குத் திரும்ப வாய்ப்பு அதிகம். அடுத்தது வானிலை. 90 சதவீதம் சாதகம் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குதிக்காதீர்கள். அது ஏவுதளத்து மேகம், மின்னல், தரைக்காற்று பற்றியது. மேலடுக்குக் காற்றும், பூஸ்டர் இறங்கும் இடத்துக் கடல் நிலையும் தனி வரியில் கீழே இருக்கும், அதைப் படியுங்கள். நேரலை சில நொடியாவது பிந்தித்தான் வரும், அதனால் ஃபோனைப் பார்த்து வானத்தைப் பார்க்காதீர்கள். 2022 ஜனவரியில் ஒரு உல்லாசக் கப்பல் தடை எல்லைக்குள் புகுந்து ஏவுதலே நின்றது, ஆகவே திரும்பிப்போக நாள் வைத்துக்கொண்டு வாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு இடம் தருகிறவர்களிடம், ஒத்திவைத்தால் என்ன என்று முதலில் கேளுங்கள். எனக்கு ஒரு காசு திரும்பி வரவில்லை, பெயர் வேண்டாம். கடைசியாக, படம் எடுக்காதீர்கள். உங்களைவிட நன்றாக எடுக்க ஆள் இருக்கிறது.

லோம்பாக்:
படிக்கப் படிக்க வயிற்றெரிச்சல். நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில் வாண்டன்பர்க் ஏவுதளம் பக்கம். 2018 அக்டோபரில் இங்கே முதல் தடவை பூஸ்டர் தரையிறங்கியது, வானம் சுத்தமாக இருந்தது, லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் ராக்கெட் புகை ஜெல்லிமீன் போல ஒளிர்ந்து தெரிந்தது. அது ஊர் சொன்னது. நான் வீடு மாறி வந்த பிறகு எனக்கு வாய்த்ததெல்லாம் மூடுபனி. ஜன்னல் அதிரும், சுவரில் மாட்டிய படம் கோணலாகும், நாய் கட்டிலுக்கடியில் போகும். ஒளி ஒரு பொட்டுகூடத் தெரியாது. கடைசியாக நடந்ததில், வெடிச்சத்தம் கேட்டு மூன்று வயது மகள் அழுதுகொண்டே வந்து "அதைப் போகச் சொல்லு" என்றாள். துறைமுகத்தான், உங்கள் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று: பக்கத்தில் தூங்குகிறவர்களுக்கு யார் சொல்வது?

துறைமுகத்தான்:
நியாயமான கேள்விதான். ஆனால் இராணுவ ஏவுதளத்தின் அருகே வீடு எடுத்தால்...

லோம்பாக்:
வேலை இங்கே, ஐயா. ராக்கெட் பார்க்க வீடு எடுக்கவில்லை.

தெற்குப் பாத்ரே:
ஃபால்கனைப் பற்றியே பேசுகிறீர்களே. 2024 அக்டோபர் 13, காலை 7:25. ஸ்பேஸ்எக்ஸின் பெரிய ராக்கெட் ஸ்டார்ஷிப்பின் ஐந்தாவது பயணம். நான் டெக்சாஸில் ஐலா பிளாங்கா பார்க்கில் இருந்தேன், ஏவுதளத்துக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர். 71 மீட்டர் உயர பூஸ்டர் கோபுரத்தை விட்டு விலகி இறங்கிக்கொண்டிருந்தது. போச்சு, கடலில்தான் என்று நினைத்தேன். அப்போது அது பக்கவாட்டில் நகர்ந்தது. கீழே இறங்கவில்லை, நகர்ந்தது. நம் ஊர் ஓட்டுநர் நெருக்கடியான சந்தில் லாரியைப் பின்னால் எடுப்பாரே, அந்த நிதானம். பூஸ்டரைப் பிடிக்கவென்று கோபுரத்தில் இருக்கும் கைகள் மூடின. பக்கவாட்டில் தீ நாக்கு நீட்டியது, எஞ்சின் நின்ற பிறகும் அடியில் எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்ததெல்லாம் அந்தத் தீயைத்தான், ஜனங்கள் குதித்தது எதுவும் தெரியவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் போனேன், அன்று கோபுரப் பக்கக் கோளாறால் பிடிக்காமல் கடலுக்கே அனுப்பிவிட்டார்கள். அதுவும் சரிதான், வால்வு மாமா சொன்ன அதே கணக்கு.

எண்ணிப்பார்:
அக்டோபர் 13 அன்று டமார் எத்தனை கேட்டது?

தெற்குப் பாத்ரே:
ஒன்று. அதுக்கப்புறம் வாகன நிறுத்தத்தில் இருந்த காரெல்லாம் அலற ஆரம்பித்துவிட்டது, வேறெதுவும் கேட்கவில்லை.

எண்ணிப்பார்:
அது கணக்கில் வராது.