அக்வாபோரினைத் தமிழில் எப்படி அழைப்பது?

அன்புடையீர்,
செவிலியர் பயிற்சிக்கான சிறுநீரகப் பாடம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘அக்வாபோரின்’ மட்டும் உதைக்கிறது. செல்சவ்வில் நீர் போய்வர வழிவிடும் புரதம். ‘நீர்த்துளைப் புரதம்’ போதுமா?
— இரா.

துளை என்றால் ஒழுகுகிற பானை நினைவுக்கு வரும். தூம்பு இருக்கத் துளை எதற்கு? ஏரிக்கரைக்கு அடியில் நீர் போகும் வழி அது. யானையின் துதிக்கையையே ‘தூம்புடைத் தடக்கை’ என்றான் சங்கப் புலவன். தும்பிக்கையும் இதே வேர்தான். ‘நீர்த்தூம்பி’ என்பேன்.
— செ.வ.

> தும்பிக்கையும் இதே வேர்தான்

ஐயா, தும்பி என்று வண்டும் இருக்கிறதே, அதை எந்தத் தூம்பில் அடைப்பது? பிள்ளைகளுக்கு மடை தெரியும். ‘மடைப்புரதம்’.
— க.மு.

மடை திறந்து மூடுவது. இதுவோ பெரும்பாலும் திறந்தே கிடக்கும். நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகும். சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளத்தில் வாசோப்ரெசின் என்னும் ஹார்மோன் செய்வதும் மடை திறப்பதல்ல. செல்லுக்குள் சிறு பைகளில் கிடக்கும் அக்வாபோரின் 2ஆம் வகையைக் கொண்டுவந்து சவ்வில் பதிக்கிறது. ஹார்மோன் குறைந்ததும் அவை உள்ளே திரும்பிவிடும். அந்த வகை பழுதானால் சர்க்கரை ஏறாமலே லிட்டர் லிட்டராகச் சிறுநீர் போகும்.

‘நீர்’ என்பதும் இடிக்கிறது. மனிதரில் 13 வகை. மூளையில் உள்ள 4ஆம் வகையும் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள 5ஆம் வகையும் நீரை விடுகின்றன, சரி. கொழுப்புச் செல்லின் 7ஆம் வகை கிளிசராலையும் விடுகிறதே? பேசாமல் அக்வாபோரின் என்றே எழுதுங்கள்.
— மரு. த.

அப்படியானால் ‘நீரிழிவு’ என்ற பெயருக்கு உண்மையான உரிமை அந்தச் சர்க்கரையில்லா நோய்க்குத்தான் டாக்டர்!
அது கிடக்கட்டும். இதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரே குழு முதலில் இதைச் ‘சிப்28’ என்றது. 1992இல் வேலை இன்னதென்று நிறுவிய பிறகே அக்வாபோரின் வந்தது. அவர்களே பெயரை மாற்றியிருக்க, நாம் மட்டும் அப்படியே விழுங்க வேண்டுமா?
— செ.வ.

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். முதல் இடத்தில் மட்டும் ‘அக்வாபோரின் என்னும் நீர்த்துளைப் புரதம்’, பிறகு அக்வாபோரின். டாக்டரும் க.மு. அம்மாவும் தனிமடலில் சரி என்றுவிட்டார்கள்.
— இரா.

பானை ஒழுகட்டும். தும்பி பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.
— செ.வ.