டெல்டா மரத்தில் ஸ்பைக் 142 வந்து வந்து மறைகிறதே, நிஜமான பிறழ்வா, பிரைமர் கோளாறா?

இளவேனில் (கேள்வி)

2021 ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான கொரோனா வைரஸின் டெல்டா வகை (பி.1.617.2) சீக்வென்ஸ்களை, அதாவது மரபணு எழுத்து வரிசைகளை, பொதுத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து வம்சாவளி மரம் போட்டிருக்கிறேன். இந்தியாவும் பிரிட்டனும் கலந்த தொகுப்பு. நெக்ஸ்ட்கிளேட் மென்பொருளின் தரச் சோதனையில் பச்சை வந்தவற்றை மட்டுமே வைத்துக்கொண்டேன்.

சிக்கல் ஸ்பைக் புரதத்தின் 142-ஆம் இடத்தில். ஒரே கிளையில், மற்ற எல்லா இடத்திலும் அச்சு அசலாக ஒத்துப்போகும் சீக்வென்ஸ்களில் சிலவற்றில் ஜி142டி (கிளைசின் போய் அஸ்பார்டிக் அமிலம் வருவது) இருக்கிறது, சிலவற்றில் வூஹான் மூலத்தில் உள்ள கிளைசினே இருக்கிறது. மரம் நெடுக அந்த மாற்றம் தோன்றுவதும் மறைவதுமாக உள்ளது. 95-ஆம் இடத்திலும் (டி95ஐ) ஏறக்குறைய இதே கதை. சி.டி. மதிப்பும் (பி.சி.ஆரில் வைரஸ் தென்படத் தேவைப்பட்ட சுற்றுகள்) சேர்ந்து கிடைத்த சில மாதிரிகளைப் பார்த்தால், 142டி உள்ளவற்றில் சி.டி. குறைவு, அதாவது வைரஸ் சுமை அதிகம். தேர்வு அழுத்தத்தால் திரும்பத் திரும்ப எழும் பிறழ்வு, அது வைரஸ் சுமையைக் கூட்டுகிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பைப்பெட்

எழுதாதீர்கள். இது 2021-லேயே அலசி முடித்த விஷயம். வைரஸின் வேலை இல்லை, பிரைமரின் (பி.சி.ஆர். பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குட்டி டி.என்.ஏ. துண்டின்) வேலை.

அப்போது பலரும் ஓட்டியது ஆர்டிக் வி3 பிரைமர் தொகுப்பு. 29,903 எழுத்து நீளமுள்ள மரபணுத்தொகுதியை ஏறக்குறைய 400 எழுத்து நீளத்தில் 98 ஆம்ப்ளிகான்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும் துண்டுகளாக, பெருக்கும். அதில் 72-ஆம் ஆம்ப்ளிகானின் வலப்பக்கப் பிரைமர் ஒட்டுமிடம் 22,014 முதல் 22,038 வரை. டெல்டாவிலோ 22,029 முதல் 22,034 வரை ஆறு எழுத்துகளே கிடையாது. பிரைமர் சரியாக ஒட்டாது, 72 பெருகாமல் விழுந்துவிடும்.

142-ஐ மாற்றும் எழுத்து இருப்பது 21,987-இல் (ஜி, ஏ ஆகிறது). 72 விழுந்தபின் அந்த இடத்தைத் தொடுவது 73 மட்டும்தான். ஆனால் 73-இன் இடப்பக்கப் பிரைமரே 21,962 முதல் 21,990 வரை உட்கார்ந்திருக்கிறது. அதாவது அங்கே நீங்கள் படிப்பது நோயாளியின் வைரஸை அல்ல, கம்பெனியில் தயாரித்த பிரைமரை. அது வூஹான் வரிசையைப் பார்த்து வடிவமைத்தது, ஆகவே ஜி. பிரைமரை ஒழுங்காக வெட்டியிருந்தால் அந்த இடம் 'என்' (எழுத்து தெரியவில்லை என்ற குறி) ஆகும். வெட்டாமல் விட்டாலோ, கவரேஜ் இல்லாத (இயந்திரம் எதையும் படிக்காத) இடத்தை மூல வரிசையால் நிரப்பும் பைப்லைனாக (மென்பொருள் தொடராக) இருந்தாலோ, ஜி என்று பொய் சொல்லும்.

வைரஸ் சுமைத் தொடர்பும் இதிலிருந்தே வருகிறது. சி.டி. குறைவாக இருந்தால் 72 தட்டுத்தடுமாறியாவது பெருகி உண்மையான ஏ தெரியும். சி.டி. ஏறினால் 72 சுத்தமாகக் காலி. காரணத்தையும் விளைவையும் நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்.

ஒரு வேறுபாடு: ஜி142டி டெல்டாவுக்கே அடையாளமான மாற்றம், மொத்த வம்சத்துக்கும் உண்டு. டி95ஐ அப்படி இல்லை. டெல்டாவின் சில கிளைகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. அந்த இடம் (21,846) 72-க்குள் மட்டுமே வருவதால், இருக்கிறதா இல்லையா என்பதே பல சீக்வென்ஸ்களில் தெரியாது.

இளவேனில்

நன்றி. ஆனால் மூல ரீட்கள் (இயந்திரம் படித்த துண்டுகள்) சிலவற்றுக்குத்தான் கிடைக்கின்றன. மற்றவை வெறும் ஃபாஸ்டா, அதாவது முடிவான வரிசை மட்டும். அவற்றில் எப்படிக் கண்டுபிடிப்பது? டெல்டா என்று தெரிந்தபின் 142-இல் நாமே ஏ போட்டு நிரப்பிவிட்டால் என்ன?

பைப்பெட்

நிரப்பக் கூடாது. பார்க்காததை 'என்' என்றுதான் எழுத வேண்டும். மரம் போடும் மென்பொருளுக்கு 'என்' ஒரு தொந்தரவே இல்லை.

ரீட் இருந்தால் ஐஜிவியில் (ரீட்களைக் காட்டும் மென்பொருள்) 21,987-க்குப் போய்ப் பாருங்கள். ஜி சொல்லும் ரீட்கள் அத்தனையும் 21,962-இலேயே தொடங்கினால் அது பிரைமர். ஃபாஸ்டா மட்டும் இருந்தால் ஏறக்குறைய 21,720-இலிருந்து 21,990 வரை 'என்' தொகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். 72 விழுந்ததற்கு அதுதான் தடயம். சுமார் 270 எழுத்துதான். நெக்ஸ்ட்கிளேட் 300 'என்' வரை மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால்தான் உங்களுக்கு எல்லாம் பச்சையாக வந்திருக்கிறது. 'என்' இல்லாமல் 142-இல் ஜி இருக்கும் டெல்டாதான் அதிக சந்தேகத்துக்குரியது.

ஈரக்கூடம்

பழைய தரவைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. புதிதாக ஓட்டுபவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் பெஞ்ச் பக்கத்துச் சமாச்சாரம்.

முதலில் பெட் கோப்பு, அதாவது எந்தப் பிரைமர் எங்கே ஒட்டும் என்ற பட்டியல். குழாயில் ஊற்றியது வி4.1, பைப்லைனில் கொடுத்தது வி3 பெட் கோப்பு என்றால், பிரைமர் இல்லாத இடத்தை வெட்டி, இருக்கும் இடத்தை விட்டுவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, ரன் அழகாக முடியும். பிரைமர் ஸ்டாக் குழாயிலேயே பதிப்பு எண்ணை எழுதி ஒட்டுங்கள். டெல்டாவில் விழுந்தவற்றைச் சரிசெய்ய வி4 (99 ஆம்ப்ளிகான்) 2021 ஜூனில் வந்தது; ஓமிக்ரானுக்காகச் சில பிரைமர்களைக் கூடுதலாகச் சேர்த்தது வி4.1.

ஆர்.என்.ஏ. 8 மைக்ரோலிட்டரும் லூனாஸ்கிரிப்ட் (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் நொதிக் கலவை) 2 மைக்ரோலிட்டரும் சேர்த்து சி-டி.என்.ஏ. அதிலிருந்து 2.5 மைக்ரோலிட்டரை 25 மைக்ரோலிட்டர் பி.சி.ஆரில், ஒற்றைப்படைப் பிரைமர்கள் ஒரு குழாய், இரட்டைப்படை இன்னொரு குழாய். இரண்டையும் ஒரே குழாயில் கலந்தால், பக்கத்துப் பக்கத்து ஆம்ப்ளிகான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அந்தக் குட்டித் துண்டு மட்டுமே பெருகித் தொலைக்கும். 98 டிகிரியில் 15 விநாடி, 63 டிகிரியில் 5 நிமிடம். சி.டி. 18 முதல் 21 வரை என்றால் 25 சுற்று போதும். 30-ஐத் தாண்டும் மாதிரிக்கு 35 சுற்று வரை போகலாம், முழு மரபணுத்தொகுதி மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சி.டி. 15-க்கும் கீழ் என்றால் 100 மடங்கு, 15 முதல் 18 என்றால் 10 மடங்கு தண்ணீரில் நீர்க்க வைக்க வேண்டும். வைரஸ் அதிகம் உள்ள மாதிரிதான் நன்றாக வரும் என்று நினைத்து இதைத் தாண்டிப் போகிறவர்கள், பி.சி.ஆர். தடைபட்டு ஓட்டை ஓட்டையாக வரும்போது விழிப்பார்கள்.

நெகட்டிவ் கன்ட்ரோலைப் பிரித்தெடுப்பிலிருந்தே கொண்டுவாருங்கள், பி.சி.ஆரில் மட்டும் வைத்தால் பாதி உண்மைதான் தெரியும். பெருக்கிய ஆம்ப்ளிகானைத் திறக்கும் அறையில் மாஸ்டர் மிக்ஸ் கலக்கவே கூடாது. விழுந்த ஆம்ப்ளிகானில்தான் மாசு முதலில் முகம் காட்டும்: சொந்த ரீட் இல்லாத இடத்தில் பக்கத்து மாதிரியிலிருந்து வந்த சொற்ப ரீட் பெரும்பான்மையாகிவிடுகிறது. 2022 ஜனவரியில் சைப்ரஸிலிருந்து அறிவிக்கப்பட்ட 'டெல்டாக்ரான்' மீது பலர் சந்தேகப்பட்டதும் இதனால்தான். டெல்டா உடம்பில் ஓமிக்ரான் மாற்றங்கள் ஸ்பைக்கின் ஒரே பகுதியில் மட்டும் குவிந்திருந்தன. எக்ஸ்பிபி போன்ற உண்மையான மறுசேர்க்கையில் (இரண்டு வைரஸ் வம்சங்கள் கலந்து ஒன்றாவதில்) முறிவுப் புள்ளிக்கு ஒரு பக்கம் முழுக்க ஒரு பெற்றோர், மறுபக்கம் முழுக்க இன்னொன்று இருக்கும். ஆம்ப்ளிகான் எல்லையை அது மதிக்காது, இரண்டு எழுத்தும் கலந்த இடங்களும் இருக்காது.

கிளைநோக்கி

மரத்துக்கு வருவோம். 21,987-ஐயும் 21,846-ஐயும் டெல்டா சீக்வென்ஸ்களில் மட்டும் மறையுங்கள் ('என்' ஆக்கிக் கணக்கிலிருந்து விலக்குங்கள்), மற்ற வம்சங்களில் அவை நல்ல தகவல். இரு முனைகளையும் (1 முதல் 55 வரை, 29,804 முதல் 29,903 வரை) எல்லாவற்றிலும் மறைப்பது வழக்கம். மறைத்துவிட்டு மரத்தைத் திரும்பப் போட்டால், 142-ஐ நம்பித் தனியாக நின்ற கொத்துகள் பல கலைந்துவிடும்.

பைப்பெட் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். 'என்' தொந்தரவே இல்லை என்பது ஓரளவுக்குத்தான். ஓட்டை இருக்கும் சீக்வென்ஸ் மரத்தில் பல இடங்களில் சமமாகப் பொருந்தும். மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உட்காரவைத்துவிடும். பரவல் வழியை எழுதும்போது அப்படிப்பட்ட நுனிகளை வைத்து வாதம் கட்டாதீர்கள். பாங்கோலின் 30 சதவீதம் 'என்' வரை அனுமதித்து வம்சப் பெயர் சொல்லும். வம்சப் பெயருக்கு அது சரி, கிளை நுணுக்கத்துக்கு ஆகாது. 5 சதவீதத்துக்கு மேல் போனால் நான் எடுப்பதில்லை.

இந்த வைரஸில் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு எழுத்துதான் மாறுகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டும்போது வித்தியாசம் பெரும்பாலும் பூஜ்யம் அல்லது ஒன்று. அதனால் ஒரு பொய் எழுத்தே ஒரு வார்டில் 'இரண்டு தனித்தனி நுழைவு' என்று சொல்லவைத்துவிடும். நேர்மாறாக, இரண்டு சீக்வென்ஸ் ஒன்றாக இருப்பதாலேயே இவரிடமிருந்து அவருக்கு என்று சொல்லவும் முடியாது.

இந்தியா, பிரிட்டன் கலந்த தொகுப்பு என்கிறீர்கள். தொற்றுக்கு எத்தனை சீக்வென்ஸ் என்ற விகிதத்தில் அப்போது பிரிட்டன் எங்கேயோ, நாம் எங்கேயோ. அப்படியே இடத்தைக் கணிக்கவிட்டால், உள்முனைகள் (கிளை பிரியும் மூதாதைப் புள்ளிகள்) பல 'பிரிட்டன்' என்று வரும், டெல்டா அங்கிருந்து இங்கே வந்ததுபோலத் தெரியும். நாடு, மாதம் என்று பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் சம எண்ணிக்கையில் எடுங்கள். வேறுவேறு மாதிரியெடுப்பில் சிலமுறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் நிற்கும் முடிவை மட்டும் எழுதுங்கள்.

தேதியையும் பார்த்துவிடுங்கள். மாதிரி எடுத்த தேதிக்குப் பதில் பதிவேற்றிய தேதி இருந்தால், ட்ரீடைம் மென்பொருளின் வேர்-நுனி வரைபடத்தில் (தேதிக்கு எதிராக, வேரிலிருந்து சேர்ந்த மாற்றங்களைக் காட்டுவது) கோட்டுக்குக் கீழே கும்பலாக விழும். வெறும் '2021' என்று ஆண்டு மட்டும் உள்ளவற்றைக் காலமரத்தில் சேர்க்கவே வேண்டாம்.