புதுப்பிப்பு: 'எடல்வைஸ்' பாட்டின் டெம்போ (வேகம்), ஸ்கேல் (சுருதி)

நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கும்போது 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசை நாடகத்தின் 'எடல்வைஸ்' பாட்டு தாலாட்டு மாதிரி இழுக்கிறது, பாடுபவருக்கு மேல் ஸ்வரங்களும் எட்டவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது இதுதான்: 3/4 தாளத்தில் மூன்று அடியையும் எண்ணாமல், ஒரு பாருக்கு (மூன்று அடி சேர்ந்த ஒரு சுற்றுக்கு) ஒரே தட்டு என்ற யோசனை. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 36 தட்டில் வைத்தோம், அதாவது ஒவ்வொரு அடியையும் (கால் நோட்டு) எண்ணினால் 108. மொத்தம் 32 பார்தான், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. இழுவை போய்விட்டது, ஆனால் அவசரமும் இல்லை.

ஸ்கேலை பி ஃபிளாட் மேஜரிலிருந்து ஜி மேஜருக்கு இறக்கினோம். கிட்டாருக்கும் அதுவே சுலபம். மூல ஸ்கேலே வேண்டுமென்றால் கிட்டார் கழுத்தின் மூன்றாவது ஃபிரெட்டில் (கட்டத்தில்) கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு அதே கார்டுகளை வாசிக்கலாம்.

உணர்ச்சியைக் கூட்டிப் பாடச் சொன்ன யோசனை மட்டும் சரிவரவில்லை. நாஜிகளின் பிடிக்குள் போன ஆஸ்திரியாவுக்கு ஒருவர் விடைகொடுக்கும் இடம் அது; அடக்கிப் பாடினால்தான் கனக்கிறது.

எதிர்பாராதது: பார்த்தவர்களில் சிலர் இதை ஆஸ்திரிய நாட்டுப்புறப் பாடல் என்றே நம்பினார்கள். 1959-ல் பிராட்வே மேடைக்காக ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் எழுதியது அது.