பெப்பரோமியா என்கிற ரேடியேட்டர் செடி: வளர்ப்பவர்கள் கவனிக்க

பேரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். நமக்கு ரேடியேட்டர் என்றால் லாரி எஞ்சினைக் குளிரவைப்பது. குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்குவது. கதகதப்பும் வெளிச்சமும் பிடிக்கும் செடி என்பதால் இந்தப் பேர். மிளகு, வெற்றிலை, திப்பிலிக்கு உறவு. பூவில் இதழே கிடையாது, எலிவால் மாதிரி ஒரு கதிர்தான்.

செடி போவது பெரும்பாலும் தொட்டியால். 4 இஞ்ச் தொட்டியில் வாங்கியதை நேராக 8 இஞ்சுக்கு மாற்றுவார்கள். வேரோ மெல்லிசு, அதிலும் கொஞ்சம்தான். சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தைக் குடிக்க ஆளிருக்காது, அழுகிவிடும். ஒரு இஞ்ச் கூடினால் போதும். மண்கலவைக்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் கல்துகள்) 2, மண்புழு உரம் 1. கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள். உப்பு தங்கினால் இலை ஓரம் கருகும்.

கலவை தவிர இன்னொன்றும் கவனியுங்கள்: தண்ணீர் ஊற்றுவதற்குக் கிழமைக் கணக்கு வேண்டாம். தடித்த இலை ரகமென்றால் முதிர்ந்த இலை ஒன்றை இரண்டு விரலால் லேசாக மடக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஊறின அப்பளம் மாதிரி வளைந்தால் ஊற்றலாம். மண் ஈரமாக இருந்தும் துவண்டு நின்றால் அது தாகமல்ல, வேர் போய்விட்டது. அந்த நேரத்தில் பதறி இன்னொரு குவளை ஊற்றுவதுதான் செடியை முடித்துவிடும். அடித்தண்டு கொழகொழவென்று ஆகியிருந்தால், மேலே உறுதியாக உள்ள பகுதியை நறுக்கிப் புதிதாக நடுவதே வழி.

நறுக்குவதில் ரகம் பார்க்கணும். தர்பூசணித் தோல் வரி போட்ட ஆர்ஜிரியா, சுருக்க இலை கேப்பரேட்டா இரண்டும் இலையிலிருந்தே வரும். காம்பு 2 செ.மீ. விட்டு நறுக்கி, ஈரமான கோகோபீட்–பெர்லைட்டில் செருகி, மேலே பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, தினமும் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். குட்டிச்செடி எட்டிப்பார்க்க 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் பிடுங்கிப் பார்க்காதீர்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த ஆப்டியூசிஃபோலியாவை மட்டும் இலையில் வைக்காதீர்கள், வெறும் பச்சையாகத்தான் முளைக்கும். இரண்டு மூன்று கணுவுள்ள தண்டாக வெட்டி, வெட்டுவாய் சில மணி நேரம் உலர்ந்ததும் நடுங்கள்.

டொரொண்டோ, லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு: பேரில் ரேடியேட்டர் இருக்கிறதே என்று நிஜ ரேடியேட்டர் மேலேயே வைத்துவிடாதீர்கள், அடிமண் காய்ந்து வேர் வெந்துவிடும். இரண்டடி தள்ளி வையுங்கள். குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியிலும் இலை படக்கூடாது. 10 டிகிரிக்குக் கீழே போனால் இலை கறுத்து உதிரும்.

இலையடியில் சொறி மாதிரி புடைப்பு தெரிந்தால் பூச்சிமருந்துக்கு ஓடாதீர்கள். வேர் இழுக்கும் தண்ணீரை இலையால் வெளியேற்ற முடியாமல் வரும் வீக்கம் அது. மழை மூட்டத்தில் நிறைய ஊற்றினால் வரும். மாவுப்பூச்சி என்றால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போகும். வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்பு வளையம் விழுந்து இலையும் கோணிக்கொண்டால் வைரஸாக இருக்கும், மருந்து கிடையாது. தொட்டியோடு அப்புறப்படுத்துங்கள், வெட்டின கத்தியையும் கழுவாமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள்.