துளையைச் சுருக்கினால் பூநாரை ஏன் மங்குகிறது?

கேள்வி (மண்டபத்துக்காரன்):
தனுஷ்கோடி செல்லும் வழியில், கோதண்டராமர் கோயிலுக்கு அருகே ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவில் இரை தேடிக்கொண்டிருந்த பூநாரைகளை 600 மி.மீ. லென்ஸால் படமெடுத்தேன். எஃப்/6.3-இல் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறுக்கும்) எடுத்த படத்தில் அலகின் கறுப்பு நுனி கோடு கிழித்தாற்போல் தொடங்குகிறது. கூர்மை கூடும் என்று நம்பி எஃப்/16-இல் எடுத்ததிலோ கறுப்பும் இளஞ்சிவப்பும் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. காரணம் என்ன? நண்பரின் 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் இதைவிட மேலானதா?

பதில் (தொண்டி வாசகர்):
தம்பி, ஓரளவு சுருக்கினால் லென்ஸின் பிறழ்ச்சிகள் (ஒளியை ஒரே புள்ளியில் குவிக்க முடியாத குறைகள்) அடங்கிக் கூர்மை கூடும் என்பது உண்மைதான். அதற்கு மேல் போனால் விளிம்பு விளைவு, அதாவது சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது, முந்திக்கொள்ளும். குறையே இல்லாத லென்ஸும் ஒரு புள்ளியைச் சிறு வட்டப் பொட்டாகவே காட்டும் என்பதை 1835-இல் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி கணக்கிட்டுக் காட்டினார். 0.55 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள பச்சை ஒளிக்கு அப்பொட்டின் விட்டம் எஃப்/6.3-இல் சுமார் 8.5 மைக்ரான், எஃப்/16-இல் 21 மைக்ரானுக்கும் மேல். சென்சாரின் பிக்சல் 4 மைக்ரான் என்றால், ஒவ்வொரு புள்ளியும் ஐந்து பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடுகிறது.

இரு புள்ளிகள் பிரிந்து தெரிவதற்கான மிகக் குறைந்த கோணம் 1.22 × அலைநீளம் ÷ துளையின் விட்டம் என்பது ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே வகுத்த அளவுகோல். இதில் குவியத்தூரம் (உங்கள் லென்ஸுக்கு 600 மி.மீ. என்று குறிக்கும் அளவு) வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் துளையின் விட்டம் 95 மி.மீ.-இலிருந்து 37.5 மி.மீ.-ஆகச் சுருங்கியதால், 300 மீட்டர் தொலைவில் 2 மி.மீ. இடைவெளியைப் பிரிக்க வேண்டிய லென்ஸ் 5 மி.மீ.-க்கும் குறைவானதைப் பிரிக்க முடியாமல் தடுமாறுகிறது. நண்பரின் துளை 107 மி.மீ.; கணக்குப்படி உங்களுடையதைவிடச் சற்றே மேல். ஆயினும் அதன் குவியத்தூரம் பாதியே என்பதால், அதே பிக்சல் அந்தத் தொலைவில் 2 மி.மீ.-க்குப் பதிலாக 4 மி.மீ. இடத்தை விழுங்கிவிடும். மீன் வந்தும் வலைக்கண் பெரிதாக இருந்து நழுவிப்போவது போலத்தான்.

பதில் (பாம்பன் பழையவர்):
கணக்கு சரி. ஆனால் இரண்டு படங்களும் ஒரே நேரத்தில் எடுத்தவையா? வெயில் ஏறியதும் அங்கே ஈர மணலுக்கு மேல் காற்று நெளியத் தொடங்கும். அதன்பின் எந்த லென்ஸும் உதவாது. போதாக்குறைக்கு, கடற்காற்று முன்கண்ணாடியில் உப்புப் படலத்தைப் படியவைத்திருக்கும். அதை வேட்டி முனையால் துடைத்துக் கீறல் வாங்கியவன் நான்.

மண்டபத்துக்காரன்:
ஐயா, முதல் படம் காலை ஏழு மணிக்கு எடுத்தது, அடுத்தது பதினொரு மணிக்கு. இதை எழுதாமல் விட்டது என் தவறு. நாளை விடியலில் ஒரே இடத்தில் நின்று இரண்டு அளவிலும் எடுத்துப் பார்க்கிறேன்.

தொண்டி வாசகர்:
எஃப்/8-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃப்/16-இல் ஒளிபடும் நேரம் எஃப்/6.3-ஐவிட ஆறு மடங்குக்கு மேல் நீளும் என்பதால், பறவை அசையாமல் நிற்கும் கணம் வரை காத்திருங்கள்.